கண்ணில் ஒரு ஜன்னல்

மனிதனுடைய உயிர் நெஞ்சில் இருக்கிறதா, மூளையில் இருக்கிறதா என்று பெரியவர்கள் விவாதிக்கிறார்கள். போட்டோவில் அது எங்கே இருக்கிறது என்பதை இருபத்தைந்து வயதுப் பிள்ளை ஒருவன் போன மாதம் எனக்குக் காட்டிக் கொடுத்தான்.

அம்மாவுக்குத் தலைத்திவசம் வந்தது. கூடத்தில் மாட்ட ஒரு படம் வேண்டும். 1986-ல் மாமா எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தின் நெகடிவ் பத்திரமாக இருந்தது. ஸ்டூடியோவுக்கு எடுத்துக்கொண்டு போனேன். பிள்ளையாண்டான் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, முகத்தை மட்டும் திரை நிறையப் பெரிதாக்கினான்.

"சார், கண்ணிலே ஏதோ கட்டம் விழுந்திருக்கு. எடுத்துடட்டுமா?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் எடுத்தும் விட்டான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெற்றி, மூக்கு, உதட்டோரச் சிரிப்பு எல்லாம் அப்படியே இருக்கின்றன. அம்மாவை மட்டும் காணோம்! கடைசி நாளன்று நான் பார்த்த கண்கள் அவை.

"பயப்படாதீங்க சார், வேற லைட் வச்சிடலாம். எந்த மாதிரி வேணும்?" என்று அவன் தன் தொழிலை விளக்க ஆரம்பித்தான். கண்ணின் முன்பக்கம் ஈரம் படிந்த குவிந்த கண்ணாடி மாதிரி. எதிரே இருக்கும் வெளிச்சம் அதில் பொடியாகத் தெரியும். குடை விளக்கு வைத்தால் வட்டப் பொட்டு. துணி கட்டிய பெட்டி விளக்கு வைத்தால் சதுரம். வளைய விளக்கு வைத்தால் கண்ணுக்குள் ஒரு வளையல். விழியைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டால், பத்து மணியிலோ இரண்டு மணியிலோ பொட்டு விழுவது அழகு. விளக்கு தாழ்ந்து, பொட்டு கீழே விழுந்தால் முகத்தில் பேய்க்களை வந்துவிடும்.

சொல்லிக்கொண்டே பத்து மணியில் வட்டமாக ஒன்றை வைத்தான். பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் கல்யாண ஆல்பத்தில் வரும் யாரோ ஒரு அம்மாளாக அல்லவா இருந்தாள்!

"முதலில் இருந்ததைக் காட்டுங்க, தம்பி" என்றேன்.

வெள்ளைக் கட்டம், அதன் நடுவே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கறுப்புக் கோடுகள். எங்கள் ஊர் வீட்டுக் கூடத்து ஜன்னல்!

மாமா ஃப்ளாஷ் போடமாட்டார். "அது கண்ணுக்கு நட்டநடுவிலே ஆணி அடிச்ச மாதிரி விழும். நீ ஜன்னலைப் பார்த்து உட்காரு, அக்கா" என்று சொல்லிவிட்டு, யாஷிகா காமிராவுக்குள் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். அடுப்பில் குழம்பு கொதிக்கிறதென்று அம்மா அவசரப்பட்டாள். எனக்கு அப்போது ஏழு வயது.

ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் 1502-ல் ஒரு முயலை வரைந்தார். வியன்னாவில் ஆல்பர்டினா காட்சிசாலையில் இருக்கிறது. அதன் கண்ணிலும் இப்படித்தான் சட்டம் போட்ட ஒரு ஜன்னல். ஐந்நூறு வருஷங்களுக்கு மேலாகியும் அதில் வெளிச்சம் குறையவில்லை.

எங்கள் வீட்டு ஜன்னலுக்கு அந்த ஆயுசு இல்லை. 2011-ல் வீட்டை விற்றவன் நான்தான். அம்மா தடுக்கவில்லை. "இடிக்கறதுக்கு முன்னாலே அந்தக் கூடத்து ஜன்னலை மட்டும் கேட்டு வாங்கி வையேண்டா" என்றாள். "ஃப்ளாட்டிலே அதை எங்கேம்மா வைக்கிறது?" என்று சிரித்தேன். அப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

"கட்டம் அப்படியே இருக்கட்டும், தம்பி."

"பார்க்கிறவங்க அழுக்குன்னு நினைப்பாங்க சார்."

"நினைச்சுட்டுப் போகட்டும்."

வேலை ஒன்றும் செய்யவில்லையே என்று பில்லில் பாதியைக் குறைத்துக்கொண்டான், நல்ல பிள்ளை.

ஃப்ளாட்டில் இடம் இல்லை என்று நான் சொன்ன ஜன்னல் இப்போது கூடத்துச் சுவரில்தான் இருக்கிறது. இடம் ஒன்றும் பெரிதாக அடைக்கவில்லை.