வாசலில் நின்ற மலை

சிலிம் ரிவரில் எந்த வீதியில் நின்று கிழக்கே நோக்கினாலும் பார்வை மலையில்தான் சென்று முட்டும். தீபகற்ப மலேசியாவின் முதுகெலும்பாகிய தித்திவாங்சா மலைத்தொடர் அது. அதற்கு அப்பால் பகாங். இப்பக்கத்தில் பொழியும் மழைநீர் சிலிம் ஆறாக இறங்கிப் பெர்ணம் ஆற்றில் கலக்கிறது.

இவ்வூரின் பழைய ரப்பர் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டி ஓய்ந்த ஒரு மூதாட்டி, எண்பது வயதை நெருங்கும்போதுதான் முதன்முறையாக அம்மலையின் அடிவாரத்தை மிதித்தார். அவருக்கு மலை கடிகாரமாக இருந்தது. அதன் விளிம்பு வெளுக்குமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். அதன் உச்சியில் மேகம் கறுத்தால், மங்குகளில் மழை விழுமுன் பாலைச் சேர்த்துவிட வேண்டும். பார்ப்பதற்குரிய பொருளாக அது ஒருநாளும் இருந்ததில்லை.

தேசியப் பூங்கா என்னும் எண்ணம் இந்நாட்டிற்குப் புதிதன்று. 4,343 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தாமான் நெகாரா, 1938–39ஆம் ஆண்டுகளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரால் காக்கப்பட்டது. 2,187 மீட்டர் உயர்ந்த தஹான் மலை அதனுள்ளேதான் இருக்கிறது. அடிவாரக் காடுகளை அழித்து ரப்பர் நட இடமளித்த ஆட்சியே, எஞ்சிய காட்டில் ஒரு பகுதிக்கு வேலியிட்டு மரியாதையும் செய்தது! சிலிம் ரிவருக்கு மேலே நிற்கும் மலைகளுக்கு அப்பெருமை கிட்டவில்லை. ஆயினும் மூதாட்டியைப் போன்றோரை மலையிலிருந்து விலக்கி வைத்தது பூங்காவின் வேலியன்று.

1942 ஜனவரி 7ஆம் நாள், விடியுமுன்பே ஜப்பானிய டாங்கிகள் துரோலாக் வழியாகச் சிலிம் ரிவர் நோக்கிப் பாய்ந்தன. சாலையைக் காத்து நின்ற 11ஆவது இந்திய டிவிஷன் ஒரே நாளில் சிதறியது. தப்பிய சிப்பாய்கள் தோட்டங்களுக்குள்ளும் காட்டிற்குள்ளும் புகுந்தனர். பின்னர் 1948இல் அவசரகாலம் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்த அக்காலத்தில் காடு என்றாலே கம்யூனிஸ்டுப் போராளிகளின் இருப்பிடம் என்று பொருள். லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. காட்டிலிருப்போர்க்கு உணவு போய்ச் சேரக்கூடாதென்று, வேலைக்குச் செல்வோர் சோறு கட்டிச் செல்வதும் தடுக்கப்பட்டது. வெறும் வயிற்றோடு நிரை முடித்துத் திரும்பிய தாய்க்காகக் காத்திருந்த சிறுமிதான் இம்மூதாட்டி. “மலைப் பக்கம் பார்வை போனாலே அம்மா அதட்டுவாங்க” என்கிறார்.

அவசரகாலம் 1960இல் முடிந்தது. அச்சமோ முடியவில்லை. அச்சம் தணிந்தபோது ஓய்வு இல்லை. ஓய்வு வந்தபோது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. தோட்டமும் செம்பனையாக மாறி, லயமும் போயிற்று.

அவரை மலையடிக்கு அழைத்துச் சென்றது அந்த முழங்கால் வலிதான். உலு சிலிம் வெந்நீர் ஊற்றில் கால் நனைத்தால் வலி குறையும் என்று யாரோ சொல்ல, பேரன் காரில் ஏற்றிச் சென்றான். ‘உலு’ என்னும் மலாய்ச் சொல் ஆற்றின் மேற்பகுதியைக் குறிக்கும். வழியில் செம்பனை குறையக் குறையக் காடு நெருங்கி வருகிறது. மலையடிவாரத்தில் செமாய்ப் பழங்குடியினரின் ஊர்களும் உள்ளன. நாட்டின் மிகச் சூடான ஊற்று எனப் பெயர் பெற்றது இது. ஊற்றுவாயில் நீர் கொதிநிலையை நெருங்குகிறது. முட்டையைப் போட்டால் அவிந்துவிடும். அதனைப் பக்கத்துக் குளங்களில் ஆறவிட்டுத்தான் மனிதர் கால் வைக்க முடியும். கந்தக வாடை வேறு.

“அடியில எரிமலையா?” என்று மூதாட்டி கேட்டார். இல்லை. மலையில் பெய்த மழையே கருங்கல்லின் வெடிப்புகள் வழியே ஆழத்திற்கு இறங்குகிறது. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை வரை வெப்பம் ஏறும். அவ்வாறு காய்ந்த நீர் வேறொரு பிளவின் வழியே மேலேறி வருகிறது. இருபது கோடி ஆண்டுகளுக்கு முன் உருகி, நிலத்தடியில் உறைந்த கல் அது. பேரன் இதனை விளக்கியபோது, மூதாட்டி தம் கால்களை நோக்கியவாறு, “அப்ப இது நம்ம மேல பேஞ்ச மழதான்” என்றார். புவியியலார் இதனை இன்னும் நீளமாகச் சொல்லுவர், அவ்வளவே.

வலி குறைந்ததா என்பதை அவர் சொல்லவில்லை. ஆனால் குளத்தைவிட்டு எழுந்ததும் காரை நோக்கி நடக்காமல், மரங்கள் நெருங்கிய மேட்டுப்பக்கம் திரும்பினார். கல்லில் மோதும் ஆற்றின் ஓசை கேட்டது. ஒரு பெருமரத்தைத் தடவிப் பார்த்து, வெட்டுக்காயம் இல்லாத பட்டை என்று வியந்தார். இன்னும் மேலே என்ன இருக்கிறது என்று கேட்டார். ஏறக்குறைய 1,900 மீட்டர் உயர்ந்த லியாங் மலை இந்தத் தொடரில்தான் இருக்கிறது என்றும், இளைஞர்கள் கூடாரத்தோடு ஏறி வருகிறார்கள் என்றும் பேரன் சொன்னான்.

அதற்குள் மேகம் இறங்கிவிட்டது. “மழை வரும் பாட்டி, போவோம்” என்றான்.

மூதாட்டி விளிம்பை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். “வரும்தான். அடுத்த தடவ வெள்ளனவே கெளம்பணும்யா, பெரட்டு நேரத்துக்கே” என்று சொல்லிக் காரில் ஏறினார்.