தரகரின்றி வீடு விற்க எத்தனை நாள்?



பெற்றோர் விட்டுச்சென்ற வீட்டைத் தரகர் இல்லாமல் நாமே விற்பதென்றால் எத்தனை நாள் ஆகும் என்று உங்களில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். சேலம், நாமக்கல் பக்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டபடியால் இக்கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது. எங்களுக்குப் பதினொரு மாதங்கள் ஆயின. பங்குனியில் தொடங்கி மறு மாசியில் முடிந்தது. ஆனால் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் ஏறக்குறைய பாதி, வீட்டை வாங்க ஆள் தேடியதில் போனதல்ல.

வீடு ராசிபுரத்தை அடுத்த ஓர் ஊரில் எங்கள் தகப்பனார் கட்டியது. அவர் உயில் எழுதவில்லை. தாயாரும் போன பின்பு, ஆத்தூரில் கைம்பெண்ணாக இருக்கும் அக்கா, திருப்பூரில் வேலை செய்யும் தம்பி, நான் ஆகிய மூவரே வாரிசுகள். கிறிஸ்தவர்களாகிய நமக்குப் பொருந்துகிற 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் மகனுக்கும் மகளுக்கும் ஒரே பங்கு. “பொம்பளப் புள்ளைக்குச் சீர் செஞ்சாச்சே” என்று உறவினர் சொல்வது சார்பதிவாளர் முன்பாகச் செல்லாது. மூவரும் ஒப்பமிட்டாலன்றி கிரயம் இல்லை. அக்காவுக்கோ மகளின் கல்லூரிக் கட்டணம் காத்திருந்தது. நகைகளெல்லாம் அடகில் இருந்தன. ஒவ்வொரு மாதமும் அவள் கேட்ட முதல் கேள்வி, “என்னாச்சு தம்பி?” என்பதே.

வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் மனுக் கொடுத்தோம். அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று படியேறி வட்டாட்சியரிடம் போய்ச் சேர வேண்டும். அதற்குள் வில்லங்கச் சான்றைப் போட்டுப் பார்த்தபோது, தகப்பனார் வீட்டுக் கடனுக்காக வங்கியில் பத்திரத்தை ஒப்படைத்த பதிவு அப்படியே நின்றது. கடன் பல ஆண்டுகளுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. பத்திரமும் எங்கள் பீரோவில்தான் இருந்தது. ஆனாலும் கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தை வங்கி எழுதிக்கொடுத்து அதையும் பதிவு செய்தால்தான் வில்லங்கம் நீங்கும். கிளை மாறி, மேலாளர் மாறி, பழைய கோப்பைத் தேடி எடுக்கவே ஆடி வந்துவிட்டது. பட்டாவில் இன்னும் தாத்தாவின் பெயர் இருந்தது தனிக்கதை. ஐந்து மாதங்கள் இப்படிப் போயின. தரகர் இருந்திருந்தாலும் இந்த ஐந்து மாதங்களில் ஒரு நாளும் குறைந்திராது.

ஆவணியில், ‘வீடு விற்பனைக்கு, உரிமையாளரை நேரில் அணுகவும்’ என்று பலகை வைத்தோம். முதல் வாரத்தில் வந்த அழைப்புகள் அத்தனையும் தரகர்களுடையவை! அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ வாங்குகிறவர்கள்தாம், ஆனால் வெயிலில் பத்துப் பேரை அழைத்து வந்து காட்டி, அதில் ஒன்பது பேர் வாங்காமல் போவதைத் தாங்குகிறவர்களும் அவர்களே. தம்பி பொறுமை இழந்து, “அந்தக் கமிஷனைக் கொடுத்துத் தொலைச்சா என்ன?” என்றான். எங்கள் வீட்டு விலைக்கு நூற்றுக்கு இரண்டென்றால் 76,000 ரூபாய். அக்காவின் நிலையில் அது சிறு தொகையல்ல.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் இதையே ஹெண்டல், நெவோ, ஓர்த்தலோ-மான்யே என்ற மூன்று பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டிருக்கிறார்கள். உரிமையாளர் தாமே விற்ற வீடுகளுக்குக் கிடைத்த விலை, முகவர் வழியாக விற்றவற்றின் விலையைவிடக் குறையவில்லை. ஆனால் விற்க அதிக நாள் பிடித்தது. விற்காமலே போகும் வாய்ப்பும் அதிகம். பொறுத்திருக்கக் கூடியவர்களே அந்த வழியைத் தேர்ந்துகொள்ளுகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. எங்கள் வீட்டிலோ பொறுக்கக் கூடிய இருவரும் பொறுக்கக் கூடாத ஒருத்தியும் இருந்தோம்.

ஐப்பசிக்குள் இரண்டு பேர் நல்ல விலைக்கு வந்தார்கள். இருவரும் ஒரே பேச்சு: வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம், மீதியைக் கையில் ரொக்கமாக. வாங்குகிறவருக்கு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் 2 என்று ஒன்பது போகிறதே. அவருடைய மனம் எனக்குப் புரியாமலில்லை. ஆனால் மனை, வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாதென்பது 2015 முதல் வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. வாங்கினால் அதே அளவு அபராதம். அதோடு பத்திரத்தில் பொய் விலை எழுதி, அதன் கீழே நான் ஒப்பமிட வேண்டும். முடியாதென்றேன். அன்றிரவு அக்கா தொலைபேசியில், “நீ போதகன், உனக்குச் சரி. எனக்கு?” என்று கேட்டு வைத்துவிட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஆதியாகமம் 23-ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் மக்பேலா நிலத்தை வாங்குவதை அந்நாட்களில் மீண்டும் வாசித்தேன். எப்பெரோன் முதலில் நிலத்தைச் சும்மா தருகிறேன் என்கிறான். பிறகு, நானூறு சேக்கல் நமக்குள்ளே எம்மாத்திரம் என்று விலையைப் போகிற போக்கில் சொல்லிவிடுகிறான். நம் ஊர்த் திண்ணையில் கேட்ட பேச்சுப் போலவே இல்லையா? ஆபிரகாம் முழு விலையையும் பட்டணத்தார் காண நிறுத்துக் கொடுக்கிறான். குகையும் நிலமும் சுற்றெல்லையிலுள்ள மரங்களும் என்று நம் பத்திரத்துச் சொத்து விவரம்போல் ஒவ்வொன்றும் அங்கே சொல்லப்படுகிறது. இதற்கு முன் நான் கவனிக்காமல் கடந்துபோன ஒன்றும் உண்டு. ஆபிரகாம் எப்பெரோனிடம் நேரே விலை கேட்கவில்லை. எனக்காக அவனிடத்தில் பேசுங்கள் என்று ஏத்தின் புத்திரரை முதலில் வேண்டிக்கொள்கிறான். கூலி வாங்காத நடுவர்கள் அவனுக்கும் தேவைப்பட்டார்கள்.

எங்களுக்கு அந்த இடத்தில் நின்றவர் தெருமுனை மளிகைக் கடைக்காரர். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வெளி மாநிலங்களுக்குப் போய் ஆழ்துளைக் கிணறு போடும் ஒருவரின் மனைவி, கார்த்திகையில் தனியே வந்து வீட்டைப் பார்த்தார். கணவர் பொங்கலுக்குத்தான் வருவார். மார்கழியில் பேச்சே இல்லை. நாள் பார்க்கிற வழக்கம் நமக்கில்லாவிட்டாலும் வாங்குகிறவருக்கு உண்டு. தையில் அவர் வந்தார். ஒரே மாலையில் பேச்சு முடிந்தது. அவர் 36 லட்சம் என்றார், தம்பி 40 என்றான். இருவரும் முகத்துக்கு நேரே மேலே பேசக் கூசினார்கள். கடைக்காரர் அவரைத் தனியே வாசலுக்கு அழைத்துப் போய், “ஏனுங்க, பாஸ்டருங்க கையில வாங்க மாட்டாரு, எல்லாமே பேங்குல. கறுப்புக்குச் சொன்ன வெல இதில்லீங்க” என்று சொல்லி 38-க்குக் கொண்டுவந்தார். நான் அதே வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் பிரசங்கமாகப் போயிருக்கும்.

அதன் பின் தாமதமில்லை. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். செய்தோம், முன்பணம் வங்கிக் கணக்கில் வந்தது. அவருடைய கடனுக்காக வங்கி வழக்கறிஞர் பத்திரங்களைப் பார்த்தார். முன்பே வில்லங்கம் தீர்த்து, பட்டாவும் மாற்றி வைத்திருந்தபடியால் ஒரு கேள்வியும் வரவில்லை. ஆகவே விற்கும் எண்ணமுள்ளவர்கள் பலகை எழுதுவதற்கு முன்னே வில்லங்கச் சான்றைப் போட்டுப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமில்லாமலே பார்க்கலாம்.

மாசியில் மூவரும் விரல் ரேகை வைத்தோம். பணம் மூன்று கணக்குகளுக்கும் சமமாகப் போயிற்று. அக்கா திரை பார்த்துத் தொகையை இரண்டு முறை எண்ணினாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, தம்பியிடம் மட்டும் நகைக்கடன் ரசீதைக் கொடுத்து அன்றே ஆத்தூருக்கு வரச் சொன்னாள். கடைக்காரருக்கு ஏதாவது கொடுக்க நாங்கள் எடுத்த முயற்சி பலிக்கவில்லை. இரண்டாம் சாட்சியாக ஒப்பமிட்டுவிட்டு, சரக்கு இறக்க ஆள் நிற்கிறான் என்று கிளம்பிவிட்டார்.