பட்சிராஜனுக்கு ஒரு பீடம்

அறிவியல் புனைகதையின் வில்லனை எந்த அளவுகோலால் அளப்பது? 2018 நவம்பரில் வெளிவந்த ஷங்கரின் '2.0' படத்துப் பட்சிராஜனைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஹாலிவுட் வில்லன்களோடு அவரை ஒப்பிடுவதையே கேட்கிறோம். வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த நாஞ்சில் நாட்டாருக்கு அவர் அந்நியர் அல்லர். (உரையாடல் எழுதிய ஜெயமோகன் நாகர்கோவிலில் வாழ்பவர்தாம், ஆனாலும் இந்த ஒற்றுமையை அவர் கணக்கில் எழுத நாம் முற்படவில்லை.)

கைப்பேசிக் கோபுரங்களால் பறவைகள் மடிகின்றன என்று முறையிடுகிறார் ஒரு முதியவர். கேட்பாரில்லை. கோபுரத்திலேயே தூக்கிட்டு இறக்கிறார். இறந்த பறவைகளின் உயிர்களோடு கலந்து பழிவாங்கத் திரும்பி வருகிறார். 'ஆரா' முதலிய சொற்களை நீக்கிவிட்டால் எஞ்சுவது அகால மரணமடைந்தவரின் கதை; கொடை விழாக்களில் விடிய விடியப் பாடப்படும் கதை.

நீலியை எடுத்துக்கொள்வோம். நம்பியவன் மடியில் தலைவைத்து உறங்கியவளை, நகைக்காக அவனே கள்ளிச்செடியருகே கல்லால் கொன்றான். மறுபிறவியில் கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அவனுடைய மனைவி என்று சாதித்து, பழி முடித்தாள். அவளை நம்பிப் பிணைநின்ற எழுபது வேளாளரும் சொல் காக்கத் தீப்புகுந்தனர். அந்த எழுபது உயிரை வில்லுப்பாட்டு மறைப்பதில்லை. நீலியைக் குற்றமற்றவள் என்றும் வாதிடுவதில்லை. அவளுக்கு நேர்ந்ததை முதலில் பாடுகிறது, பிறகு அவள் செய்ததைப் பாடுகிறது, முடிவில் உட்கார இடம் தருகிறது. முப்பந்தலில் இசக்கியாக அமர்ந்திருப்பவள் அவளே என்பது மக்கள் நம்பிக்கை. வண்டியை நிறுத்திக் கும்பிட்டுச் செல்வோரை அங்கே இன்றும் காணலாம்.

நம் குடும்பத்திலும் கிணற்றில் விழுந்து இறந்த கன்னி ஒருத்தி உண்டு, பாட்டியின் தங்கை. ஏன் விழுந்தாள் என்பதைப் பெரியவர்கள் சொன்னதில்லை. ஆனால் ஆண்டுதோறும் அவளுக்குச் சிற்றாடை வைக்கத் தவறியதுமில்லை. அந்தச் சிற்றாடை அன்பா, அச்சமா, குற்ற ஒப்புதலா என்று நமக்கு இன்றும் விளங்கவில்லை. மூன்றும் கலந்ததாகவே இருக்கவேண்டும்.

இந்த முறைமையின்படி பட்சிராஜனை விசாரித்தால் இரண்டு கேள்விகள் எழும். அவர் சொன்ன குறை மெய்யா? நீலியின் குறை மெய். ஆனால் கோபுரக் கதிர்வீச்சே பறவைகளை அழிக்கிறது என்பது அறிவியலில் நிறுவப்படவில்லை. அவர் வழக்கு அந்த இடத்தில் தளர்கிறது. நம் ஊரில் அவர் பிறந்திருந்தால், வீட்டுமனைகளாகிவிட்ட வயல்களையும் மண் நிரப்பப்பட்ட குளங்களையும் சுட்டிக்காட்டியிருப்பார். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது நல்ல செய்தி. அதைச் சூழ்ந்த வயல்களுக்கு அத்தகைய காவல் இல்லை.

அடுத்தது, அவரை என்ன செய்வது? தம்மைப் புறக்கணித்தவர்களோடு அவர் நிற்கவில்லை. விளையாட்டரங்கில் கூடிய பாவப்பட்ட ஜனங்களையும் வதைக்கிறார். அது கொடுமைதான், பறவைகளின் பெயரால் அதை நியாயமாக்க முடியாது. அவரைத் தடுத்தே ஆகவேண்டும். நம் ஊர்க் கதைகளிலும் மந்திரவாதி வந்து கட்டத்தான் செய்கிறான். ஆனால் கட்டியபின், எங்கே நிலையம் வேண்டும், என்ன படையல் வேண்டும் என்று கேட்பான். படத்தின் விஞ்ஞானி முதற்பாதியை மட்டும் செய்கிறார். பட்சிராஜன் சொன்னதில் நியாயம் உண்டு என்று வாயால் ஒப்புக்கொள்கிறார்; அந்தக் கோபுரத்தடியில் ஒரு கல்லை நட்டு, குருவிகளுக்கு ஒரு பிடி நெல் இறைக்க அவருக்குத் தோன்றவில்லை.