இருவருக்கும் இருபது புள்ளி

போன மாதம் ஒரு வெள்ளி மாலை, எங்கள் இரவுப் பாடசாலையிலிருந்து நான்கு பேர் அண்ணா நகரில் ஒரு கடைக்கு 'மேஜிக்: தி கேதரிங்' ஆடப் போனோம். ரிச்சர்ட் கார்பீல்டு உருவாக்கி, 1993இல் வெளியான சீட்டு விளையாட்டு அது. (காசு வைத்து ஆடும் சீட்டு இல்லை என்று வீட்டில் புரியவைக்கவே அரை மணி நேரம் ஆனது.)

தொடக்கத்தில் இருவருக்கும் 20 உயிர்ப்புள்ளி, கையில் 7 சீட்டு. பார்த்தால் சமம்தான். ஆனால் 60 சீட்டுள்ள கட்டை அவரவரே வாங்கி வர வேண்டும். எதிரே இருந்தவரின் ஒரே சீட்டு, எங்கள் கட்டு மொத்தத்தையும்விட விலை அதிகம். பத்து நிமிடத்தில் தோற்றோம். "முழுக்க ஸ்கில்தான் ப்ரோ" என்றார். இட ஒதுக்கீடு விவாதங்களில் தகுதி, திறமை என்று கேட்டுப் பழகிய காதுகள் எங்களுடையவை.

ஒன்று பிடித்திருந்தது. ஆட்டத்துக்கு முன் நம் கட்டை எதிராளி கையில் வாங்கி, கலைத்தோ வெட்டியோ தருவார். தனிக்குவளையில் டீ குடித்த பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் நாங்கள். அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் தயங்கவில்லை. பிறகு "எந்த ஏரியா?" என்றார்கள். "வியாசர்பாடி" என்றதும் சின்ன மௌனம். "கேரம் நல்லா ஆடுவீங்களே!"

'பாப்பர்' என்றொரு வகை உண்டு. மலிவாகக் கிடைக்கும் 'காமன்' சீட்டுகள் மட்டுமே அதில் செல்லும். 2019 முதல் அதிகாரப்பூர்வ வகை. மாதம் ஒரு வெள்ளி அப்படி நடத்தும்படி கேட்டோம். எட்டுப் பேர் சேர்ந்தால் வைக்கலாம் என்றார் கடைக்காரர். இன்னும் நான்கு பேர் வேண்டும்.