பாதியில் நிற்கும் ஆய்வேடுகள்

சேரன்மகாதேவியிலும் சுற்றுவட்டத்திலும் முனைவர் பட்ட ஆய்வைப் பாதியில் விட்ட பெண்கள் பலரை எனக்குத் தெரியும். அறிவுக் குறைவால் யாரும் விடவில்லை. வரன் அமைந்தது, மாப்பிள்ளைக்குக் கோவையிலோ ஓசூரிலோ வேலை, பெட்டி கட்டினார்கள். "கல்யாணம் முடிஞ்சிட்டுல்லா, இனி என்னத்துக்கு பி.எச்டி.?" என்று கேட்டவர்களுக்கு அவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. விதியிலேயே பதில் இருப்பதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறையை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 3 ஆண்டு, அதிகம் போனால் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் 2 சேர்த்து, 10 ஆண்டு வரை இடமிருக்கிறது. மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பு மொத்தம் 240 நாள் வரை. கல்யாணமாகி வேறு ஊர் போனால், ஆய்வுத் தரவுகளை அங்குள்ள நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளவும் நிபந்தனைகளோடு வழி உண்டு. ஆனால் எதுவும் தானாக வந்து சேராது. கெடு முடியும் முன்பே நெறியாளரிடம் பேசி, எழுத்தில் விண்ணப்பித்து, நகலைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மற்ற வேலைகளுக்கு நடுவே ஆய்வு செய்வது எப்படி என்பதற்கு உ.வே.சாமிநாதையரைப் பாருங்கள். அவர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். சீவக சிந்தாமணிப் பதிப்பு 1887இல் வந்தது. வகுப்பும் எடுத்துக்கொண்டுதான் அந்த உழைப்பு. சமணம் பற்றிய ஐயங்களைச் சமணர் வீடுகளுக்கே போய்க் கேட்டுத் தெளிந்தார். ஏடு தேடி நம் திருநெல்வேலிப் பக்கமும் அலைந்தார். தெரியாததைக் கேட்கக் கூச்சப்படாத அந்தக் குணத்தை அவரிடம் கற்கலாம். ஆனால் அவர் வீட்டு அடுப்பை வேறொருவர் பார்த்துக்கொண்டார். உங்களுக்கு அந்த வசதி இராது. அதனால் முழுநாள் ஓய்வு கிடைக்கட்டும், எழுதலாம் என்று காத்திருக்காதீர்கள். பிள்ளை உறங்கும் அரைமணி நேரத்தில் ஒரு பத்தி எழுதினால் போதும். குறிப்பு எடுக்கும்போதே நூல் பெயரும் பக்க எண்ணும் எழுதிவிடுங்கள். பின்னால் தேடினால் நாள்கணக்கில் போகும். பருவத்துக்கொருமுறை ஆய்வுக் குழு கூடும்போது வெறுங்கையோடு போகாதீர்கள், அரைகுறை இயல் ஒன்றாவது இருக்கட்டும். காசு வாங்கிக் கட்டுரை எழுதித் தருகிறோம் என்பவர்கள் பக்கமே போக வேண்டாம்.

பெண்ணைப் பெற்றவர்களே, வரன் பேசும்போதே "பிள்ளை ஆய்வை முடிக்கும்" என்று சொல்லிவிடுங்கள். நகைக்கணக்குப் பேசும் அதே கூடத்தில், எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.

விட்டு நாலைந்து வருஷம் ஆனவர்களும் சோர வேண்டாம். 2022க்கு முன் சேர்ந்திருந்தாலும், 2016ஆம் ஆண்டு விதியிலேயே மகப்பேறு விடுப்பும் கூடுதல் 2 ஆண்டும் இருந்தன. சேர்ந்த தேதியுள்ள ஆணையைத் தேடி எடுங்கள். அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பதிந்தவர்கள் அங்குள்ள ஆய்வுப் பிரிவுக்கு நேரில் போய், பதிவு இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.