நெகட்டிவ் எரிந்த பேட்டையிலிருந்து

ஃபோட்டோ எடிட்டிங்குக்கு எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று யார் கேட்டாலும் நான் நியூ தியேட்டர்ஸ் கதையில்தான் ஆரம்பிக்கிறேன். நான் குடியிருக்கும் கொல்கத்தா டாலிகஞ்சில் 1931-ல் பி. என். சர்க்கார் தொடங்கிய ஸ்டூடியோ அது. ரவீந்திரநாத் தாகூர் இயக்கிய ஒரே படமான ‘நடீர் பூஜா’ அங்கேதான் எடுக்கப்பட்டு 1932-ல் வெளியானது. 1940-ல் அந்த ஸ்டூடியோவில் தீப்பிடித்தது. அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்ளும் எரியும். நெகட்டிவ்கள் போயின. தாகூர் படத்தில் மிஞ்சியது ஒரு 16 மி.மீ. பிரதியின் துண்டு மட்டும்.

இன்னொரு தீ 1993-ல், லண்டனில். சத்யஜித் ராயின் அபு வரிசைப் படங்களின் மூல நெகட்டிவ்கள் அங்கே ஒரு லேபில் இருந்தபோது எரிந்தன. கருகிச் சுருண்ட சுருள்களைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து இத்தாலியின் பொலோன்யாவில் அவற்றை மெல்ல மெல்ல இளக்கிப் பிரித்து, பயன்பட்ட ஃபிரேம்களை ஸ்கேன் செய்தார்கள். பயன்படாத இடங்களை நிரப்பியவை வேறு வேறு ஊர்களின் காப்பகங்களில் கிடந்த பிரதிகள். 2015-ல் அந்தப் படங்கள் மறுபடி திரைக்கு வந்ததற்குக் காரணம், யாரோ எங்கோ ஒரு பிரதியைப் பத்திரமாக வைத்திருந்தார்கள் என்பதுதான்.

இந்தக் கதையைப் பொறுமையாகக் கேட்டவன் ஒரு தம்பி. லேக் மார்க்கெட் பக்கம் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். டாலிகஞ்ச் ஸ்டூடியோக்களில் சீரியல்களுக்கு ஸ்டில்ஸ் எடுக்கிறான். நாளெல்லாம் நூற்றுக்கணக்கில் எடுப்பான். சாயங்காலத்துக்குள் பத்துப் படமாவது விளம்பரத்துக்குப் போயாக வேண்டும். “அதெல்லாம் சரிண்ணா, லைட்ரூமா, டார்க்டேபிளா? அதைச் சொல்லுங்க” என்றான்.

சொன்னேன். ஆனால் அவன் கேட்ட கேள்வியை நான் வேறு மாதிரி மாற்றிக்கொண்டேன். ஒரு படத்தைப் பார்த்து நாம் செய்யும் முடிவுகள், அதாவது இது வேண்டும், இது வேண்டாம், இவர் இன்னார், இது இந்த நாள் என்பதெல்லாம் எங்கே எழுதப்படுகின்றன? அந்த சாஃப்ட்வேர் நாளை இல்லாமல் போனால் அவை என்ன ஆகும்? இது வீண் கவலை இல்லை. ஆப்பிளின் அபெர்ச்சர் 2005-ல் வந்தது. பத்தே ஆண்டில் கடையை மூடியது. வீட்டுக்கு வீடு இருந்த கூகுளின் பிகாசா 2016-ல் நின்றது. அடோபி லைட்ரூமை ஒருமுறை காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் காலமும் ஆறாம் பதிப்போடு முடிந்தது. இப்போது மாதச் சந்தா. சந்தா நின்றால் லைட்ரூம் கிளாசிக்கில் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். ஒளியையும் நிறத்தையும் திருத்தும் பகுதி பூட்டிக்கொள்ளும்.

லைட்ரூம் தன் குறிப்புகளையெல்லாம் கேட்டலாக் என்ற ஒரே கோப்பில் வைத்துக்கொள்கிறது. அமைப்பில் போய் ஒரு கட்டத்தை டிக் செய்தால்தான் படங்களின் பக்கத்திலும் எக்ஸ்எம்பி என்ற சின்னக் கோப்புகளாக எழுதி வைக்கும். அந்தக் கட்டத்தைத் தேடி டிக் செய்யாதவர்கள்தான் அதிகம். இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிள், தான் செய்வதை வழக்கமாகவே அப்படிப் பக்கத்தில் எழுதி வைக்கும். நட்சத்திரக் குறி, குறிச்சொல், விவரக் குறிப்பு இவற்றை லைட்ரூம் எழுதினால் டார்க்டேபிள் பெரும்பாலும் படித்துக்கொள்ளும். ஒளி, நிறத் திருத்தங்களை மட்டும் அப்படியே கொண்டுபோக முடியாது. ஒரு சாஃப்ட்வேரில் ஏற்றிய நிழலை இன்னொன்று அதேபோலக் காட்டாது. அதனால் முடித்த படத்தை முழு அளவில் டிஃப் கோப்பாகவும் எடுத்து வைக்கச் சொன்னேன். இடம் அடைக்கும்தான். அடைக்கட்டும்.

நான் டார்க்டேபிளில் வேலை செய்கிறேன், தேடவும் அடுக்கவும் டிஜிகேம். அவனுக்கு லைட்ரூமையே சொன்னேன். ஸ்டூடியோ வேலையில் வேகம் முக்கியம். கூட இருப்பவர்கள் எல்லோரும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் கேட்க ஆள் உண்டு. ஒரு கருவியின் தரத்தில் இதுவும் ஒரு பங்கு.

அவன் நேரத்தைத் தின்றது திருத்தம் இல்லை, தேர்வு. ஒவ்வொரு படத்தையும் திறந்து, கொஞ்சம் வெளிச்சம் ஏற்றிப் பார்த்து, பிறகு வேண்டாம் என்று தள்ளிக்கொண்டிருந்தான். முதல் சுற்றில் ஸ்லைடரைத் தொடவே கூடாது என்றேன். கண் மூடியது, கை ஆடியது, போகஸ் காதில் விழுந்தது, இவற்றை ஒரு விசையால் தள்ளிவிட்டுப் போக வேண்டும். இரண்டாவது சுற்றில், ஒரே காட்சியின் ஐந்தாறு படங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். ஃபிலிம் காலத்தில் கான்டாக்ட் ஷீட்டை லூப் வைத்துப் பார்த்து சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டவர்கள் செய்தது இதைத்தான். பத்துப் படம் மிஞ்சிய பிறகுதான் நிறம், வெளிச்சம் எல்லாம்.

அந்தப் பத்துக்கு உழைக்கலாம், தாராளமாக. பூஜை நாட்களில் இங்கே பந்தல்களில் அடர்நீல எல்ஈடி விளக்கு போடுகிறார்கள். கண்ணுக்கு துர்க்கையின் முகம் துலக்கமாகத் தெரியும். படத்தில் மூக்கும் உதடும் கரைந்து ஒரே நீலத் திட்டாக நிற்கும். சென்சாரின் நீலப் பகுதி மட்டும் நிரம்பி வழிந்திருக்கும்; கேமராவின் வெள்ளை ஹிஸ்டோகிராம் அதைக் காட்டாது, மூன்று நிறமும் தனித்தனியாக வருவதைப் பார்த்தால்தான் தெரியும். ஜேபெக் படம் ஒரு நிறத்துக்கு 256 படிகளோடு நின்றுவிடும். 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். நீலம் போயிருந்தாலும் பச்சையிலும் சிவப்பிலும் அந்த முகத்தின் மேடு பள்ளம் பதிந்திருக்க வாய்ப்பு உண்டு. நீலத்தின் செறிவைக் குறைத்துப் பச்சையை மேலே கொண்டுவந்தால் இமை தெரியும், பிறகு மூக்குத்தி. அந்த நிமிடம் எனக்கு இன்னும் பரவசமாகவே இருக்கிறது. இதை டார்க்டேபிளிலும் செய்யலாம், லைட்ரூமிலும் செய்யலாம், ராதெரபியிலும் செய்யலாம். ஒன்றை எடுத்து ஒரு வருஷம் அதிலேயே உழல்பவனுக்கு அது கைவரும்.

பிரதி விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். இந்தக் கணக்கைப் பரப்பியவர் பீட்டர் க்ரோக் என்கிற புகைப்படக்காரர்தான். 2020 மே 20 அன்று அம்பான் புயல் வந்து தென் கொல்கத்தாவில் மரங்கள் சாய்ந்து, பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனது. எது நனைந்தது, எது பிழைத்தது என்று தெரியாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வேறு ஊரில் இருக்கும் பிரதியின் அருமை புரியும். என் மூன்றாவது டிஸ்க் மதுரையில் அக்கா வீட்டு பீரோவில் இருக்கிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் புதியதை வைத்துவிட்டுப் பழையதை எடுத்து வருவேன்.

இவ்வளவும் செய்தாலும், படத்தில் இருப்பது யார் என்று எழுதாவிட்டால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். நிமாய் கோஷ் என்று தேடிப் பாருங்கள், இருவர் வருவார்கள். ஒருவர் ‘கூபி காயேன் பாகா பாயேன்’ காலம் தொட்டு ராயின் மரணம் வரை அவரைப் படமெடுத்துக்கொண்டே இருந்த புகைப்படக் கலைஞர். 2020 மார்ச்சில் மறைந்தார். இன்னொருவர் ‘சின்னமூல்’ எடுத்த ஒளிப்பதிவாளர்; இங்கிருந்து சென்னைக்குப் போய், 1960-ல் நமக்கு ‘பாதை தெரியுது பார்’ கொடுத்தவர். இருவரும் வங்காளிகள், இருவரும் கேமராக்காரர்கள், பெயரும் ஒன்றே. வெறும் பெயரை மட்டும் குறிச்சொல்லாகப் போட்டு வைத்த கோப்பு ஐம்பது வருஷம் கழித்து எவரைக் காட்டும்?

அதனால் அந்தத் தம்பியிடம், ஹீரோயின் பெயரை எப்படியும் யாராவது எழுதி வைப்பார்கள், நீ விளக்கு பிடிப்பவர் பெயரை எழுது, மேக்கப்காரர் பெயரை எழுது, தேதியும் ஃப்ளோர் எண்ணும் போடு என்றேன். சீரியல் முடிந்து செட்டைப் பிரித்த பிறகு அவர்கள் அங்கே வேலை செய்தார்கள் என்பதற்கு அவன் கோப்பைத் தவிர வேறு சாட்சி இருக்காது. முதலில் தயங்கினான்; யாரிடம் போய்ப் பெயர் கேட்பது என்று கூச்சம். போன வாரம் லைட் பாய்கள் ஆறு பேரின் பெயரோடு வந்தான். வங்காளத்தில் எழுதவா, தமிழிலா என்றான். இரண்டிலும் எழுது, யூனிகோடில் எது எழுதினாலும் தேடினால் கிடைக்கும் என்றேன். அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து பழைய படங்களுக்கும் போட ஆரம்பித்துவிட்டான்.