சுமந்து காத்தவர்கள்

செவ்வாய், ஷார்த்ர்

பாரிஸிலிருந்து காலை ரயிலில் வந்தோம். ஊர் வருவதற்கு முன்பே பேராலயத்தின் இரண்டு கோபுரங்களும் கண்ணில் பட்டுவிட்டன. ஒன்று அலங்காரம் இல்லாத கூம்பு. இன்னொன்றின் உச்சி 16ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது, நுனிவரை செதுக்கு வேலை. 1194இல் பழைய ஆலயம் எரிந்துபோக, அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள்ளேயே இன்றுள்ள கட்டடத்தின் பெரும்பகுதியை எழுப்பிவிட்டார்கள்.

உள்ளே நுழைந்ததும் யாருக்கும் பேச்சு வரவில்லை. எங்கும் நீலம். சன்னல்களில் பெரும்பாலானவை 13ஆம் நூற்றாண்டுக் கண்ணாடிகள். சிலவற்றின் கீழ்க்கட்டங்களில் ரொட்டி சுடுபவர்களும் செருப்புத் தைப்பவர்களும் தொழிலில் மூழ்கியிருக்கிறார்கள். புனிதர்களுக்குக் கீழே உழைப்பாளிகள்!

அம்மா வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: “இத்தனை சண்டையில இதெல்லாம் எப்படிடீ தப்பிச்சுது?”

தானாகத் தப்பவில்லை. 1939இல் போர் மூளும் நேரத்தில் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பெட்டிகளில் அடுக்கி மறைத்து வைத்தார்கள். 1944 ஆகஸ்டில், கோபுரத்தில் ஜெர்மானியர் ஒளிந்திருப்பதாகச் சந்தேகம் எழுந்தபோது, வெல்போர்ன் கிரிஃபித் என்ற அமெரிக்க அதிகாரி தானே உள்ளே போய்த் தேடி, யாரும் இல்லை என்று உறுதி செய்தார். ஆலயம் பீரங்கிக்குத் தப்பியது. அன்றே பக்கத்து ஊரில் நடந்த சண்டையில் அவர் உயிரிழந்தார். அம்மா கைகூப்பினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வியாழன், ஷாம்போர்

லுவார் பள்ளத்தாக்கின் மிகப் பெரிய கோட்டை. முதலாம் பிரான்சுவா 1519இல் தொடங்கியது. அறைகள் 400க்கும் மேல். ஆனால் அரசர் தம் ஆட்சிக்காலம் முழுவதிலும் இங்கே தங்கியது சில வாரங்கள்தான்.

நடுவில் புகழ்பெற்ற இரட்டைச் சுருள் படிக்கட்டு. என் கணவர் ஒரு வழியிலும் மகள் மறுவழியிலும் ஏறினார்கள். நடுத்தூணின் திறப்புகள் வழியாக ஒருவரையொருவர் பார்த்துக் கையசைத்தார்களே தவிர, உச்சி வரும்வரை வழியில் சந்திக்கவே இல்லை. லியொனார்டோ டா வின்சியின் யோசனையாக இருக்கலாம் என்பார்கள், சான்று கிடையாது.

என்னை நிறுத்தியது வேறு செய்தி. 1939இல் லூவர் அருங்காட்சியகத்தைக் காலிசெய்தபோது, ஓவியப் பெட்டிகள் லாரி லாரியாக இங்கேதான் வந்தன. மோனா லிசாவும் வந்து போயிருக்கிறாள். வேட்டைக்காகக் கட்டிய மாளிகை ஒரு நாட்டின் கலைச்செல்வத்தை வைத்துக் காத்திருக்கிறது. அரசர் கனவில்கூட நினைக்காத இந்தப் பயன்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

வெள்ளி, ஷெனோன்சோ

ஷேர் ஆற்றின் மேலேயே நிற்கும் மாளிகை. தியான் த புவாத்தியே என்ற சீமாட்டி இங்கே பாலம் கட்டினார். பிறகு இதைத் தன்வசமாக்கிய அரசி கத்தரீன் த மெதிசி, அந்தப் பாலத்தின் மேல் 60 மீட்டர் நீளக் கூடத்தை எழுப்பினார். அன்று விருந்தும் நடனமும் நடந்த இடம்.

முதல் உலகப்போரில் அதே கூடத்தில் கட்டில்கள் போட்டு, 2,000க்கும் மேற்பட்ட காயம்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை அளித்தார்கள். 1940இல் இந்த ஆறே எல்லைக்கோடானது. மாளிகையின் வாசல் ஜெர்மானியர் பிடித்த பகுதியில், கூடத்தின் கடைசிக் கதவு அவர்கள் பிடிக்காத மறுகரையில். அந்தக் கதவு வழியாகப் பலர் தப்பியிருக்கிறார்கள். மகள் கூடத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாக நடந்து பார்த்தாள். நாங்களும் பின்னால் நடந்தோம்.

ஞாயிறு, பாரிஸ்

நோத்ர தாம் பேராலயம். 2019 ஏப்ரல் 15 அன்று இதன் கூரை எரிந்ததையும் ஊசிக்கோபுரம் சரிந்ததையும் வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்துப் பதறியிருக்கிறோம். 2024 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். கூரைச் சட்டத்துக்கான ஓக் உத்தரங்களைத் தச்சர்கள் பழைய முறையிலேயே கோடாலியால் செதுக்கினார்கள்.

“அப்ப இது பழைய கோயிலா, புதுசாம்மா?” என்றாள் மகள்.

இந்த வாரம் முழுவதும் பார்த்ததுதான் அவளுக்கு என் பதில். எந்தக் கட்டடமும் ஒரு தடவை கட்டியதோடு முடிவதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் அதைக் கழற்றி, மறைத்து, தாங்கி, மறுபடி பூட்டி அடுத்தவர் கையில் கொடுத்தால்தான் அது பழமை அடையும். கட்டிய அரசர்களின் பெயர் வாசலிலேயே இருக்கிறது. காத்தவர்கள் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது பார்க்கப் போகும் நம் கடமை.